டிகிரி முடியப்போகுது, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியல: கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: "இன்னும் நாலு மாசத்துல டிகிரி முடியுது. மேல படிக்கறதா, கிடைச்ச வேலைக்குப் போறதா, இல்ல ஒரு வருஷம் நிதானமா யோசிக்கறதா? வீட்டுல ஒண்ணு சொல்றாங்க, கூடப் படிக்கறவங்க ஒண்ணு சொல்றாங்க. தப்பா முடிவெடுத்துட்டா வாழ்க்கையே போயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல."

நான் பதினெட்டு வருஷமா காலேஜ்ல பாடம் எடுக்கறேன். ஒவ்வொரு வருஷமும் கடைசி செமஸ்டர்ல பசங்க ஒவ்வொருத்தரா வந்து என் எதிர்ல உக்காந்து கிட்டத்தட்ட இதே வார்த்தைல இதையே கேப்பாங்க. நல்லா மார்க் வாங்கறவங்களுக்குத்தான் இந்த பயம் ஜாஸ்தி, ஏன்னா இதுவரைக்கும் அடுத்த கிளாஸ் எதுன்னு யாரோ சொல்லிட்டே இருந்தாங்க, இப்பதான் முதல் தடவையா சிலபஸ் இல்லாத இடத்துக்கு வர்றீங்க. அதனால பயம் வர்றதுல தப்பே இல்ல, உங்ககிட்ட ஏதோ கோளாறுன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.

முதல்ல அந்தக் கடைசி வரிக்கு வர்றேன். வழி மூணு இருக்கறதால தூக்கம் போகல, இப்ப எடுக்கற முடிவுலதான் அடுத்த நாப்பது வருஷமும் அடங்கியிருக்குன்னு மனசு நம்பிட்டதாலதான் தூக்கம் போகுது. நிஜத்துல யாருக்கும் அப்படி நடக்கறதில்ல. ராபர்ட் டோபெல், மைக்கேல் வார்டுன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க இளைஞர்களோட வேலை விவரத்தை எல்லாம் எடுத்துப் பார்த்து 1992ல ஒரு கட்டுரை எழுதினாங்க. வேலைக்கு வந்த முதல் பத்து வருஷத்துல ஒருத்தர் சராசரியா ஏழு இடத்துல வேலை பார்த்திருக்காரு, அந்தக் காலத்துல சம்பளம் ஏறினதுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு இடம் மாறினதாலேயே வந்திருக்கு. அதாவது முதல் பத்து வருஷங்கறதே மாறி மாறிப் பார்த்து நமக்குப் பொருந்தற இடத்தைக் கண்டுபிடிக்கற காலம்தான், அதுல முதல் படிலயே சரியான இடத்துல போய் நிக்கணும்னு உங்களையே நெருக்கிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, இந்த முடிவோட பலனை அனுபவிக்கப் போற ஆளு இப்ப இருக்கற நீங்க கிடையாது. டேனியல் கில்பர்ட்ங்கற உளவியலாளரும் அவரோட சேர்ந்தவங்களும் 18 வயசுலேர்ந்து 68 வயசு வரைக்கும் 19,000 பேருக்கு மேல கேட்டுப் பார்த்த ஆய்வு 2013ல வந்துச்சு. கடந்த பத்து வருஷத்துல எவ்வளவு மாறிட்டீங்கன்னு கேட்டா எல்லா வயசுக்காரங்களும் நிறைய மாறிட்டோம்னு சொல்றாங்க, அடுத்த பத்து வருஷத்துல எவ்வளவு மாறுவீங்கன்னு கேட்டா பெருசா ஒண்ணும் மாறமாட்டோம்னு சொல்றாங்க. அந்த மாற்றம் இளவயசுலதான் ரொம்ப அதிகம். முப்பது வயசுல நீங்க எதை மதிப்பீங்கன்னு இப்ப உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அதனால கேள்வியையே சின்னதாக்குங்க. "அடுத்த ரெண்டு வருஷம் எங்க இருந்தா நான் அதிகம் கத்துக்குவேன், அங்கேருந்து எத்தனை பக்கம் நகர முடியும்?" இதுக்கு பதில் கண்டுபிடிக்க முடியும்.

சரி, அதை எப்படிக் கண்டுபிடிக்கறது? ரூம்ல உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது, இதை நான் அடிச்சுச் சொல்வேன். வேலையோட பேரை வெச்சு யோசிக்கும்போது அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கற சாதாரண ஒரு நாள் நம்ம கண்ணுக்குத் தெரியறதே இல்ல. காலைல பத்து மணிக்கு அந்த ஆளு என்ன பண்றாரு, மதியம் மூணு மணிக்கு எதை நினைச்சு எரிச்சல் படறாரு, யார்கிட்ட பதில் சொல்றாரு, சாயங்காலம் கிளம்பும்போது எது முடிஞ்சிருக்கு எது முடியல, இதுதான் வேலை. மத்ததெல்லாம் விசிட்டிங் கார்டு.

என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, உயிரியல் மாணவி, பிஎச்டி பண்ணணும்னு ஆசை. ஆனா ஆசை நிஜமா, இல்ல மார்க் நல்லா வருதேன்னு எல்லாரும் சொல்றதாலயான்னு அவளுக்கே தெரியல. லீவுல மூணு வாரம் ஒரு லேப்ல போய் இருந்துட்டு வான்னு தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி அனுப்பினேன். கண்ணாடிக் குழாயைக் கழுவறது, லேபிள் ஒட்டறது, சீனியர் பண்றதை ஓரமா நின்னு பார்க்கறது, அவ்வளவுதான் வேலை. மூணாவது வாரம் அவளையே ஒரு ஜெல் ஓட்டச் சொல்லியிருக்காங்க. அதாவது டிஎன்ஏவை ஜெல்லுல விட்டு கரண்ட் பாய்ச்சி, அப்புறம் புற ஊதா வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தா கோடு கோடா தெரியணும். ராத்திரி எட்டு மணிக்கு வெச்சுப் பார்த்தா அளவு பார்க்கப் போட்ட வரிசை மட்டும் பளிச்சுன்னு தெரியுது, பக்கத்துல இவ போட்டதெல்லாம் வெறும் இருட்டு. சீனியர் எட்டிப் பார்த்துட்டு "நாளைக்கு மறுபடி போடு"ன்னு பையை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாங்க. இவ கிளம்பல, நோட்டைத் திறந்து எந்த ஸ்டெப்ல என்ன அளவு ஊத்தினோம்னு வரி வரியா பார்த்துக்கிட்டே ஒன்பதரை வரைக்கும் உக்காந்திருக்கா. வந்து என்கிட்ட சொன்னது, "மேம், எனக்கு வருத்தமே வரல, கோடு ஏன் வரலன்னு தெரியாம வீட்டுக்குப் போகத்தான் மனசு வரல." அதுக்கு மேல நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? ஆராய்ச்சியில பெரும்பாலான நாள் கோடு வராத நாள்தான், அந்த நாளைத் தாங்கறவங்களுக்குத்தான் அந்த வேலை.

இன்னொரு பையன், அவன் பத்திரிகையாளன் ஆகணும்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தவன், எழுத்தும் அருமையா இருக்கும். ஒரு சின்ன பத்திரிகைல ஒரு மாசம் போய் உக்காந்தான். ஒரு விபத்துச் செய்திக்காக ஒருத்தர் வீட்டுக்கு போன் பண்ணிப் பேசச் சொல்லியிருக்காங்க. நம்பரை பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் மேம்னான். போன் பண்ணினான், பேசினான், செய்தியும் வந்துச்சு, ஆனா அடுத்த நாளும் அதே அரை மணி நேரம், அதுக்கடுத்த நாளும் அதேதான். எழுதறது பிடிக்கும், முன்பின் தெரியாதவங்க வாயிலேர்ந்து வார்த்தையை வாங்கறது பிடிக்காதுன்னு அந்த ஒரு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டான். இப்ப ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு பயன்படுத்தறவங்களுக்கான கையேடு எழுதறான், நிம்மதியா இருக்கான். ரெண்டு வருஷம் ஜர்னலிசம் படிச்சு முடிச்சுட்டு இதைத் தெரிஞ்சுக்கிட்டிருந்தா எவ்வளவு வலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

போய் இருந்து பார்க்க முடியாத வேலையா இருந்தா, அந்த வேலைய இப்ப பார்த்துக்கிட்டிருக்கறவங்ககிட்ட கேளுங்க. ஒரு விஷயம் நமக்கு எவ்வளவு பிடிக்கும்னு நாமளா கற்பனை பண்ணிப் பார்க்கறதைவிட, அதை அனுபவிச்ச முன்பின் தெரியாத ஒருத்தருக்கு எவ்வளவு பிடிச்சுதுன்னு கேட்டுக்கிட்டா கணிப்பு சரியா வருதுன்னு மேல சொன்ன கில்பர்ட் குழுவே 2009ல இன்னொரு ஆய்வுல காட்டியிருக்காங்க. ஆனா அப்படி சரியா கணிச்சவங்களே, இல்ல இல்ல எனக்கு விவரம் குடுத்தா நானே நல்லா கணிச்சிருப்பேன்னு சொன்னாங்களாம். நாம எல்லாரும் நம்மள தனி ரகம்னு நினைக்கறோம், அதான் பிரச்சனை. கேக்கும்போது "உங்க வேலை எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. "நேத்து காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணீங்க"ன்னு கேளுங்க. "இதை விட்டுட்டுப் போனவங்க ஏன் போனாங்க"ன்னு கேளுங்க. இந்த ரெண்டு கேள்விக்கு வர்ற பதில் பத்து வீடியோ பார்த்தாலும் கிடைக்காது.

"எனக்கு எதுலயுமே தீவிர ஆர்வம் இல்லயே"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்வம்ங்கறது எங்கயோ ஒளிஞ்சிருக்கு, தேடினா கிடைக்கும்னு நினைக்கறவங்க ஒரு விஷயம் கஷ்டமான உடனே "இது என்னோடது இல்ல போல"ன்னு விட்டுடறாங்க, ஆர்வம் வளர்க்க வளர்க்க வரும்னு நினைக்கறவங்க அவ்வளவு சீக்கிரம் விடறதில்லன்னு பால் ஓ'கீஃப், கரோல் டுவெக், க்ரெகரி வால்டன்னு மூணு உளவியலாளர்கள் சேர்ந்து 2018ல ஒரு ஆய்வுல எழுதினாங்க. என் அனுபவத்துலயும் அப்படித்தான், கை பழகப் பழக மனசும் பின்னாடியே வந்துடும். கொஞ்சம் பிடிச்சிருந்தாலே தொடங்கறதுக்குப் போதும்.

இனி மேல்படிப்பு. இதுல நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், அந்தப் பட்டம் நீங்க போக நினைக்கற இடத்துக்குக் கதவா, இல்ல முடிவைத் தள்ளிப்போட ஒரு நிழலா? மருத்துவம், சட்டம், ஆராய்ச்சி, பாடம் எடுக்கற வேலை, இதுக்கெல்லாம் அந்தச் சான்றிதழ் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க, அங்க யோசிக்க ஒண்ணும் இல்ல, படிச்சுத்தான் ஆகணும். ஆனா நிறைய துறைல அப்படி இல்ல. ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டுப் போனா எந்தப் பாடம் வேணும்னு தெளிவா தெரிஞ்சு படிப்பீங்க, சிலசமயம் கம்பெனியே பணம் கட்டும். பயத்துல போய்ச் சேர்ந்தவங்க ரெண்டு வருஷம் கழிச்சு இதே கேள்வியோட, இன்னும் கொஞ்சம் கடனோட, திரும்ப வந்து என் எதிர்ல உக்காந்ததைப் பார்த்திருக்கேன், அவங்க முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருந்திருக்கு.

கடன் வாங்கித்தான் படிக்கணும்னா சேர்றதுக்கு முன்னாடி பேப்பர்ல மூணு எண் எழுதுங்க. மாசா மாசம் எவ்வளவு கட்டணும், அந்தப் படிப்பு முடிச்சவங்களுக்கு முதல் வேலைல கைக்கு எவ்வளவு வருது, எத்தனை வருஷம் கட்டணும். நிறைய கடன்ல படிக்கும்போதே வட்டி ஏறிக்கிட்டு இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. கைக்கு வர்றது எவ்வளவுன்னு காலேஜ் விளம்பரத்தைப் பார்த்து எழுதாதீங்க, போன வருஷம் முடிச்ச அஞ்சு பேரைத் தேடிக் கேட்டு எழுதுங்க. பிஎச்டின்னா காலேஜ் பேரைவிட கைடு யாருங்கறதுதான் முக்கியம், அவர்கிட்ட இப்ப இருக்கற மாணவர்கள்கிட்டயும், முக்கியமா பாதில விட்டுட்டுப் போனவங்ககிட்டயும் தனியா பேசுங்க.

வேலைன்னா, முதல் வேலை சுமாரா அமைஞ்சாலும் பரவாயில்ல, ஆனா அதுலயே தேங்கிடக்கூடாது. வேலை கம்மியா இருக்கற காலத்துல படிச்சு முடிச்சவங்களுக்கு என்ன ஆகுதுன்னு நிறைய ஆய்வு வந்திருக்கு. லிசா கான் 2010ல வெளியிட்ட ஆய்வு, 1979லேர்ந்து 1989 வரைக்கும் அமெரிக்காவுல டிகிரி முடிச்ச வெள்ளையின ஆண்களைப் பத்தினது, வேலையில்லாதவங்க விகிதம் ஒரு சதவீதப் புள்ளி ஏறினா முதல் சம்பளம் 6லேர்ந்து 7 சதவீதம் குறைஞ்சிருக்கு, அந்த பாதிப்பு பதினஞ்சு வருஷம் கழிச்சும் முழுசா போகல. கனடாவுல ஓரியோபவுலோஸ், வான் வாக்டர், ஹைஸ் 2012ல எழுதினது கொஞ்சம் ஆறுதலானது. மந்தமான காலத்துல முடிச்சவங்களுக்கு ஆரம்பத்துல வருமானம் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைஞ்சாலும் பத்து வருஷத்துக்குள்ள அது சரியாகிடுது, சின்ன இடத்துல ஆரம்பிச்சு நல்ல இடத்துக்கு மாறி மாறிப் போனவங்க சீக்கிரம் மேல வந்துடறாங்க. அதனால கிடைச்ச வேலைக்குப் போறது தப்பில்ல, போன அன்னிக்கே காலண்டர்ல பதினெட்டாவது மாசத்துல ஒரு தேதியைக் குறிச்சு வெச்சு, அன்னிக்கு "கடைசி ஆறு மாசத்துல புதுசா என்ன கத்துக்கிட்டேன்"னு உங்களையே கேட்டுக்கோங்க. ஒண்ணும் இல்லன்னா நகரணும்.

ஒரு வருஷம் இடைவெளி எடுக்கறது பத்தி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. உடம்பு முடியல, வீட்டுல யாரையாவது கவனிக்கணும், ஒரு பரீட்சைக்குத் தயாராகணும், இதெல்லாம் நியாயமான காரணம். "யோசிக்கறதுக்கு"ன்னு எடுக்கற வருஷம் மட்டும் எனக்கு பயம், ஏன்னா முதல் மாசம் ஓய்வா இருக்கும், மூணாவது மாசம் யாராவது "என்ன பண்றே"ன்னு கேட்டா ரூமுக்குள்ள போய்க் கதவை சாத்திக்கத் தோணும், ஆறாவது மாசம் யோசிக்கற தெம்பே இருக்காது. அமெரிக்காவுல பல ஊர்ல இருக்கற கம்பெனிகளுக்கு ஒரே மாதிரி பயோடேட்டாக்களை அனுப்பி 2013ல ஒரு ஆய்வு பண்ணாங்க, வேலையில்லாம இருக்கற காலம் நீள நீள இன்டர்வியூவுக்குக் கூப்பிடறது குறையுது, முதல் எட்டு மாசத்துலதான் அந்த இறக்கம் வேகமா இருக்கு. அதனால இடைவெளி எடுத்தா முடியற தேதியை எடுக்கும்போதே எழுதிடுங்க, வாரத்துல நாலு நாளாவது வீட்டை விட்டு வெளில போய் யாருக்கோ பயன்படற ஒரு வேலை பாருங்க, சம்பளம் இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி.

வீட்டுல ஒண்ணு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. இதுக்கு சார்லஸ் டார்வின் கதையைத்தான் என் மாணவர்களுக்கு சொல்வேன். முதல்ல மருத்துவம் படிக்க அனுப்பினாங்க, பாதில விட்டுட்டாரு, அப்புறம் பாதிரியார் ஆகட்டும்னு கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினாங்க, 1831ல டிகிரி முடிச்சாரு. அந்த ஆகஸ்ட் கடைசில, பீகிள்ங்கற கப்பல்ல உலகம் சுத்திவரப் போறீயான்னு ஒரு கடிதம் வருது, அப்ப வயசு 22. அப்பா வேண்டாம்னுட்டாரு, ஆனா "புத்தியுள்ள ஒரு ஆளாவது போன்னு சொன்னா சம்மதிக்கறேன்"னு ஒரு வழியையும் விட்டு வெச்சாரு. டார்வின் சண்டை போடல, வர முடியாதுன்னு பதில்கூட எழுதிட்டாரு. அப்புறம் மாமா ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போனப்போ அப்பாவோட ஆட்சேபணை எட்டையும் வரிசையா எழுதிக் குடுத்தாரு. பாதிரியார் ஆகப்போறவனுக்கு இது மதிப்பா இருக்காது, கிறுக்குத்தனமான திட்டம், இன்னொரு தடவை தொழிலை மாத்தற மாதிரி ஆகும், இதுக்கப்புறம் ஒரு இடத்துல நிலையா இருக்கமாட்டான், இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு. இன்னிக்கும் வீட்டுல கேக்கற வார்த்தைங்கதான், இல்லயா? மாமா ஒவ்வொண்ணுக்கும் நிதானமா பதில் எழுதினாரு, அப்பா மனசு மாறிட்டாரு, பயணத்துக்கு அவரே பணமும் குடுத்தாரு. (பணம் இருந்த வீடு, அதை மறைக்கக்கூடாது, எல்லாருக்கும் அந்த வசதி இருக்காது.) ரெண்டு வருஷம்னு சொன்ன பயணம் கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் ஆச்சு.

நீங்களும் அப்பா அம்மா சொல்ற ஆட்சேபணையை அவங்க வார்த்தைலயே ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுதும்போதே தெரியும், அதுல பாதி பணத்தைப் பத்தின பயம், மீதி நாலு பேர் என்ன சொல்லுவாங்கங்கறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, அதுக்கு பதில் எழுத வேண்டாம். பணத்தைப் பத்தினதுக்கு மட்டும் எண்ணோட பதில் எழுதுங்க, எத்தனை மாசம், எவ்வளவு செலவு, நடக்கலன்னா எந்தத் தேதில என்ன பண்ணுவேன்னு. அவங்க மதிக்கற பெரியவங்க ஒருத்தர் உங்க பக்கம் நின்னா இன்னும் நல்லது.

எல்லாம் பார்த்தும் ரெண்டு வழி சமமா நின்னா? ஸ்டீவன் லெவிட்ங்கற பொருளாதார நிபுணர், முடிவெடுக்க முடியாம தவிக்கறவங்களை இணையத்துல காசு சுண்டிப் பார்க்கச் சொல்லி ஒரு சோதனை பண்ணாரு, 20,000 தடவைக்கு மேல சுண்டினாங்க. வேலையை விடறதா வேண்டாமா மாதிரி பெரிய விஷயத்துல மாத்திக்கோன்னு காசு சொன்னபடி மாத்திக்கிட்டவங்க, ஆறு மாசம் கழிச்சு கேட்டப்போ, மாத்திக்காதவங்களைவிட சந்தோஷமா இருந்தாங்க. அதைப் பார்த்து எல்லாரும் எல்லாத்தையும் விட்டுடலாம்னு அர்த்தமில்ல, அவங்க எல்லாம் ஏற்கெனவே தவிச்சுக்கிட்டிருந்தவங்க. ஆனா நீங்களும் அதே நிலைமைல இருந்தா, புதுசா இருக்கற பக்கம் கொஞ்சம் சாயலாம்னு நான் சொல்வேன்.

கடைசியா ஆளுங்களைப் பத்தி. டார்வினுக்கு வந்த அந்தக் கடிதம் எப்படி வந்துச்சு தெரியுமா, கப்பல் கேப்டன் ஃபிட்ஸ்ராய் கடற்படைல ஒருத்தரைக் கேட்டாரு, அவர் கேம்பிரிட்ஜ்ல பீகாக்னு ஒருத்தருக்கு எழுதினாரு, பீகாக் டார்வினோட பேராசிரியர் ஹென்ஸ்லோவுக்கு எழுதினாரு, ஹென்ஸ்லோ முதல்ல வேற ஒருத்தரைக் கேட்டு அவர் வரலன்னு சொன்னப்புறம்தான் டார்வின் பேரைச் சொன்னாரு. மார்க் க்ரானோவெட்டர்ங்கற சமூகவியலாளர் 1973ல எழுதினதும் இதையேதான் காட்டுது. தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அந்தத் தெரிஞ்சவரை அடிக்கடி பார்க்கறவங்க 16.7 சதவீதம்தான், எப்பவாவது பார்க்கறவங்க 55.6, ரொம்ப அபூர்வமா பார்க்கறவங்க 27.8. நெருங்கின ஃப்ரெண்டுக்கும் உங்களுக்கும் தெரிஞ்சது ஒண்ணுதான், கொஞ்சம் தள்ளி இருக்கறவங்களுக்குத்தான் உங்களுக்குத் தெரியாத கதவு தெரியும். 2022ல லிங்க்ட்இன்ல ரெண்டு கோடி பேரை வெச்சுப் பார்த்தப்போவும் ரொம்ப நெருக்கமும் இல்லாம ரொம்ப தூரமும் இல்லாம இருக்கறவங்கதான் வேலை மாற அதிகமா உதவியிருக்காங்க.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க காலேஜ்ல மூணு நாலு வருஷம் முன்னாடி முடிச்ச சீனியர் மூணு பேருக்கு, நீங்க யோசிக்கற மூணு வழில ஆளுக்கு ஒரு வழில இருக்கறவங்களா பார்த்து, இப்படி எழுதுங்க: "வணக்கம், நான் உங்க டிபார்ட்மென்ட்ல இந்த வருஷம் முடிக்கறேன். நீங்க இப்ப பண்ற வேலைக்கு வரலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். வேலை வாங்கித் தரணும்னு கேக்கல, உங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு பதினஞ்சு நிமிஷம் போன்ல கேக்கலாமா? உங்களுக்கு எந்த நேரம் வசதின்னு சொல்லுங்க." இவ்வளவு போதும், பயோடேட்டா எதுவும் சேர்க்காதீங்க. பதில் வரலன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை மட்டும் ஞாபகப்படுத்துங்க, அதுக்கும் வரலன்னா அடுத்த ஆளுக்கு எழுதுங்க. பேசிட்டு வந்த அன்னிக்கே அவங்க சொன்னதை அவங்க வார்த்தைலயே நோட்டுல எழுதி வெச்சுடுங்க, மூணு பேர்கிட்டயும் பேசி முடிச்சதும் அந்த நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் அப்பா அம்மாவோட உக்காருங்க.